எட்டும் நம் ஆட்கள்

சேசு மரி சூசை

சுசுபே முகாம், சைபான்
14 ஜனவரி 1945

அன்புள்ள அக்கா எமெத்தேரியாவுக்குத் தங்கை ரொசாலியா எழுதிக்கொண்டது.

தேவமாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் என் வீட்டுக்காரர் இனாசியோவும் பிள்ளைகளும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை. அங்கே குவாமில் நீயும் ஹுஸ்தோ அத்தானும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள்?

காரப்பான் ஊரே இல்லை, அக்கா. கல்யாணமாகிப் போகும்வரை நீ எங்களோடு வளர்ந்த வீட்டில் சிமெண்டுத் தண்ணீர்த் தொட்டி மட்டும் நிற்கிறது. அமெரிக்கன் கப்பலிலிருந்து சுட்டான், ஜப்பான்காரன் மலையிலிருந்து சுட்டான், நாங்கள் நடுவே ஒரு குகையில் பாறையில் கசிந்த தண்ணீரை நக்கிக்கொண்டு கிடந்தோம். இரண்டு பேருக்கும் எங்களோடு ஒரு சண்டையும் இல்லை. விழுந்தது மட்டும் எங்கள் தலையில். இப்போது எங்களை வேலி போட்டு வைத்து டின் இறைச்சி கொடுக்கிறார்கள். பிள்ளைகள் அதற்குப் பழகிவிட்டார்கள், மீன் கேட்பதில்லை.

எழுத வந்த காரியம் கோரோ. பேச்சை மாற்றிச் சொல்ல ஆள் வேண்டுமென்று மூன்று வருஷத்துக்கு முன் ஜப்பான்காரன் உங்கள் தீவுக்குக் கூட்டிப்போன என் தம்பி கிரெகோரியோவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அம்மா ஜெபமாலையைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறாள். செத்தவனுக்குச் சொல்லும் ஒன்பது நாள் ஜெபத்தை உயிரோடு இருப்பவனுக்குச் சொன்னால் அது அவன் ஆயுசைக் குடித்துவிடும் என்று பயம். இருக்கிறான், இல்லை என்று ஒரு வார்த்தை எழுது. அது போதும்.

கடிதங்களை ஓர் அதிகாரி திறந்து பார்க்கிறார். நம் பாஷை அவருக்குத் தெரியாது, தெரிந்தவன் யாரையோ பக்கத்தில் வைத்திருக்கிறார். யாரென்று கேட்டால் சிரிக்கிறார்கள். பார்த்து எழுது.

உன் தங்கை,
ரொசாலியா

*

இனராஹான், குவாம்
20 பிப்ரவரி 1945

அன்புள்ள ரொசாவுக்கு ஆசீர்வாதம்.

உன் கடிதம் பாதிரியார் கையில் வந்தது. சின்னம்மாவும் நீங்களும் பிழைத்ததற்குத் தோத்திரம். நானும் பிள்ளைகளும் சுகம். ஊரில் பாதி ஈரப்பலா மரங்கள் கருகிவிட்டன, மீதி தளிர்க்கின்றன. பன்றி ஆறு குட்டி போட்டது. கூரைக்கு அமெரிக்கர்கள் தகரம் கொடுத்திருக்கிறார்கள், மழை பெய்தால் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது.

கிரெகோரியோ உயிரோடு இருக்கிறான். அமெரிக்கர்களின் கம்பி வேலிக்குள் இருக்கிறான். சின்னம்மாவை மெழுகுவத்தி மட்டும் ஏற்றச் சொல்.

வேறு விசேஷம் இல்லை.

எமெத்தேரியா

*

சேசு மரி சூசை

சுசுபே முகாம்
11 மார்ச் 1945

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அனைவரும் சுகம். உன் கடிதத்தைக் கேட்டு அம்மா அன்றைக்கு இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டாள். உனக்குக் கோடிப் புண்ணியம்.

ஆனால் அக்கா, பன்றி போட்ட குட்டியையெல்லாம் எண்ணி எழுதியவள் அத்தானைப் பற்றி ஒரு எழுத்துகூட எழுதவில்லையே. மறந்தாயா? அவர் சொல்லி நீ எழுதினாயா? நம் வீட்டில் எல்லாரும் அவனைக் கோரோ என்றுதான் சொல்வோம். நீ முழுப்பெயரைப் போட்டிருக்கிறாய், கோயில் பதிவில் போடுவது போல. அவனை ஏன் வேலிக்குள் வைத்திருக்கிறார்கள்? நீ போய்ப் பார்த்தாயா? அவனுக்குச் சோறு போடுகிறார்களா?

கேட்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. நீ அனுப்பியது பழகினவள் எழுதின கடிதமாக இல்லை, அதனால் கேட்கிறேன்.

ரொசா

*

இனராஹான்
2 ஏப்ரல் 1945

ரொசாவுக்கு,

நாங்கள் சுகம்.

ஹுஸ்தோ இல்லை. போன ஜூலையில், அமெரிக்கர்கள் கரையிறங்குவதற்குச் சில நாள் முன்பு. ஒன்பது நாள் ஜெபம் முடிந்துவிட்டது.

கிரெகோரியோவுக்குச் சோறு போடுகிறார்கள். நாங்கள் சாப்பிடுவதைவிட நன்றாகவே போடுகிறார்கள் என்று கேள்வி. நான் போய்ப் பார்க்கவில்லை.

சின்னம்மாவுக்கு என் முத்தம்.

எமெத்தேரியா

*

சேசு மரி சூசை

சுசுபே முகாம்
29 ஏப்ரல் 1945

அக்கா,

என்ன சொல்லித் தேற்றுவேன். அத்தான் ஒரு தடவை படகேறி இங்கே வந்தபோது கள் குடித்துவிட்டு அம்மாவை ஆட வைத்தாரே, அந்த முகம்தான் கண்ணில் நிற்கிறது. நாங்களும் இங்கே ஒன்பது நாள் ஜெபம் சொன்னோம். முகாமில் பாதிப் பேர் வந்தார்கள்.

அதற்கு வந்தவர்களில் ஒருவர் உங்கள் தீவுக்கும் இங்கேயும் கப்பலில் வேலை பார்ப்பவர். நம் கோரோமேல் வழக்கு வரப்போகிறது என்கிறார். சுமை தூக்க ஆள் எடுத்தபோது அவனே ஆளைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினான், போனவர்கள் திரும்பவில்லை என்று உங்கள் ஊரில் பேசுகிறார்களாம். அவனுக்காகப் பேச அங்கே ஒரு நாதியும் இல்லையாம். ஜப்பான்காரனோடு வந்த சைபான்காரன் என்றாலே காறித் துப்புகிறார்களாம்.

நீ இருக்கிறாயே, அக்கா. அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நீ. ஒரு புழுவை மிதிக்கவும் யோசிக்கிற பிள்ளை அவன் என்று நீ போய் நின்று சாட்சி சொன்னால் போதும். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

ரொசாலியா

*

சுசுபே முகாம்
10 ஜூன் 1945

அக்காவுக்கு,

சுகம், உன் சுகம் அறிய ஆவல். தபால் தவறிவிட்டதா, இல்லை உனக்குக் கை வலியா?

கோரோ மலைக்குள் ஒளிந்திருந்தபோது அவனை அடித்து இழுத்துவந்து அமெரிக்கர்களிடம் ஒப்படைத்தது அத்தானின் தங்கை பிலாரும் அவள் வீட்டு ஆட்களும் என்று கேள்விப்பட்டேன். முன்பல் இரண்டு போய்விட்டதாம். நீ அப்போது அங்கே இருந்தாயா? நின்று பார்த்தாயா? இதற்காவது பதில் எழுது.

ரொசாலியா

*

இனராஹான்
2 ஜூலை 1945

ரொசாலியாவுக்கு,

இரண்டு கடிதமும் வந்தன. தபால் தவறவில்லை.

சாட்சி என்பது நம் வீட்டில் யார் வாயிலும் வராத சொல். யாரோ பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறாய். தம்பியைக் காப்பாற்ற ஆள் தேவைப்பட்டதும்தான் அத்தானின் முகம் கண்ணில் நிற்கிறதோ என்னவோ. நடந்ததை எழுதுகிறேன். சொல்லிக் கொடுப்பவரும் படிக்கட்டும், திறந்து பார்ப்பவரும் படிக்கட்டும்.

போன ஜூலையில் அமெரிக்கக் கப்பல்கள் கடலை அடைத்துக்கொண்டு நின்றன. இறங்கப்போகிறார்கள் என்று எங்களுக்கும் தெரிந்தது, ஜப்பான்காரனுக்கும் தெரிந்தது. அவன் எங்கள் ஊரையே மலைக்குள் ஓட்டிக்கொண்டு போய் ஆற்றோரத்தில், மழையில், உட்காரவைத்தான். தின்ன ஒன்றும் இல்லை. சின்னவன் புல்லை மென்றுகொண்டிருந்தான். ஒரு காலையில் கிரெகோரியோ வந்தான், ஜப்பான்காரன் கொடுத்த அந்தத் தொப்பியோடு. பின்னால் ஒரு சிப்பாய்.

மூட்டை சுமக்க எட்டு ஆள் வேண்டும் என்று பொதுவில் சொன்னான். அங்கே ஆயிரம் பேருக்குமேல் இருந்தோம். அவன் கண்ணை ஓட்டினான், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான், நேராக வந்து ஹுஸ்தோவின் தோளைத் தொட்டான். அப்புறம் ஹுஸ்தோவின் தம்பிகளை. அப்புறம் என்னோடு இங்கே வந்து தங்கிய என் அண்ணன் பெனீத்தோவை. மச்சான், மாமன் மகன் என்று எட்டும் நம் ஆட்கள். பக்கத்து வீட்டு மனுவேல் தானாக எழுந்து வந்தான். "நீ உக்காரு, ஒனக்கில்ல" என்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளிவிட்டான். போகும்போது என் காதோரம் குனிந்தான்.

"பெரிய பையாக் குடுத்து அனுப்புக்கா" என்றான்.

தாழை ஓலையில் பின்னிய பெரிய பையை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அவர்கள் சுமந்தது பீரங்கிக் குண்டு. குகைக்குள் பீரங்கி ஒளித்துவைத்த இடம் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது என்று, சுமந்து முடித்ததும் சிப்பாய்கள் எட்டுப் பேரையும் அங்கேயே முடித்துவிட்டார்கள். அமெரிக்கர்கள் மலையைப் பிடித்த பிறகு போய் எடுத்துவந்தோம். ஹுஸ்தோவின் இடுப்பில் அந்தப் பை மடித்தது மடித்தபடி இருந்தது. பெனீத்தோவைப் பற்றி நான் உனக்கு எழுதவே இல்லை. எழுதினால் நீ காரணம் கேட்பாய்.

ஏன் எங்களை? அதற்கு முந்தின வருஷம் அவன் பிலாரைப் பெண் கேட்டு வந்தான். "ஜப்பான்காரனுக்குக் குனிஞ்சு குனிஞ்சு முதுகு வளைஞ்சவனுக்கு எந்தங்கச்சியக் குடுக்கறதா" என்று ஹுஸ்தோ நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டார். அவன் சிரித்துக்கொண்டே போனான். அந்தச் சிரிப்பை நான் அப்போது நம்பினேன். நெருப்பில்லாமல் புகையாது, ரொசாலியா.

ஊரில் இப்போது என்னையும் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். இரண்டு வருஷம் அவன் அரிசியும் சர்க்கரையும் கொண்டுவந்து தந்தான், பிள்ளைகளுக்காக வாங்கினேன். ஜப்பான் சோறு தின்ற வீடு என்று பெயர். நான் அவனுக்காகப் போய் நின்றால் என் பிள்ளைகள் இந்த ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

அவனை இழுத்து வந்தபோது நான் அங்கேதான் இருந்தேன். நின்று பார்த்தேன்.

எமெத்தேரியா

*

சேசு மரி சூசை

சுசுபே முகாம்
22 ஜூலை 1945

அக்கா,

பெனீத்தோ அண்ணனும் போய்விட்டாரா? அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் கேட்டபோது பன்றிக் கதையைத் திரும்பப் படித்துக் காட்டினேன்.

எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சாட்சி என்ற சொல்லைப் பாதிரியாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான். நீ என்னைச் சந்தேகப்படுகிறாய், நான் உன்னைச் சந்தேகப்பட்டேன். கணக்குச் சரி. இனி கொஞ்சம் யோசிப்போம்.

பழிவாங்க நினைப்பவனுக்கு அத்தான் ஒருவர் போதாதா? பெனீத்தோ அண்ணன் மேல் அவனுக்கு என்ன கோபம்? அவர் அவனுக்கு நீச்சல் கற்றுக் கொடுத்தவர். மனுவேலை ஏன் தள்ளினான்? சாவுக்கு ஆள் பிடிக்கிறவன் தானாக வந்து ஏறுகிறவனைத் தள்ளுவானா? வெட்டப்போகிற ஆளிடம் பெரிய பையாகக் கொண்டுவா என்று எவன் சொல்வான்?

பரிமாறுகிறவன் தன்னவனானால் கடைப் பந்தியில் இருந்தால் என்ன என்று நீதான் திருவிழா விருந்தில் சொல்லிச் சிரிப்பாய். நம் ஊரில் கரண்டி பிடித்தவன் எவன் சொந்தக்காரன் இலையைத் தாண்டிப் போயிருக்கிறான்? ஜப்பான்காரன் கூட்டிப்போன அன்றைக்குத் துறையில் வைத்து நானும் அவனிடம் அதைத்தான் சொன்னேன். "அங்க எது கெடச்சாலும் மொதல்ல அக்கா வீட்டுக்குக் குடுத்துட்டுத்தான் மத்தவங்களுக்கு" என்றேன். சரி சரி என்று தலையாட்டினான். என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

என்னை நம்பவேண்டாம். நான் அவன் கூடப் பிறந்தவள், இப்படித்தான் பேசுவேன். நீயே போய் அவன் முகத்தைப் பார்த்துக் கேள். அப்புறமும் உனக்கு அவன் கொலைகாரன் என்றால், நான் இனி எழுதி உன்னை வருத்த மாட்டேன்.

ரொசா

*

இனராஹான்
26 ஆகஸ்டு 1945

அன்புள்ள ரொசாவுக்கு,

பிள்ளைகள் சுகம். எனக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், இன்றைக்குத் தேவலை.

போனேன். நீ சொன்னதற்காகப் போகவில்லை. நீ பையைப் பற்றி எழுதியது நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது, அதைப் பிடுங்கிப்போடப் போனேன். அவன் எலும்பும் தோலுமாக வந்தான். என்னைக் கண்டதும் பெரியவர்களின் கையை முகர்ந்து வணங்குவோமே, அதற்காகக் கம்பிக்கு வெளியே முகத்தை நீட்டினான். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"ஆயிரம் பேர் இருந்தாங்க. ஏன்டா எங்க வீட்டையே தொட்ட?" என்று கேட்டேன்.

நான் ஏதோ தெரியாத பாஷையில் பேசிவிட்டது போலப் பார்த்தான். பிலார் பெயரைச் சொல்வான், ஹுஸ்தோ சொன்ன சொல்லைச் சொல்வான் என்று காத்திருந்தேன்.

"நம்மாளுங்க பட்டினி கெடக்கையில நான் வேற யாரக்கா கூப்புடுவேன்?" என்றான்.

அரிசி மூட்டை, சுமப்பவனுக்குக் கூலி அவன் தூக்குகிற அளவு அரிசி என்று சிப்பாய் சொன்னானாம். அதுதான் பெரிய பை. மனுவேல் வந்தால் நம் ஆள் ஒருவனுக்கு இடம் குறையும், அதுதான் தள்ளினான். குண்டு சுமந்த இடத்துக்குச் சிப்பாய்கள் இவனைக் கூட்டிப்போகவில்லை. எட்டுப் பேரும் செத்தது இரண்டு நாள் கழித்துத்தான் இவனுக்குத் தெரிந்ததாம். "தெரிஞ்சப்புறம் ஏன்டா வந்து சொல்லல" என்று கேட்டேன். "எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக்கா?" என்று அழுதான். பல் போன வாயால் அழுதான். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். பந்தி என்று நினைத்து நம் ஆட்களை முன்னால் தள்ளியிருக்கிறான்.

வழியெல்லாம் அவன் பொய் சொல்கிறான் என்று நினைத்துப் பார்த்தேன். பொய்யாக இருந்தால் எனக்குச் சுலபம். அவனை வெறுத்துக்கொண்டே மீதிக் காலத்தை ஓட்டிவிடுவேன். அவனுக்கு எங்கள்மேல் வெறுப்பு இருந்திருந்தால் ஹுஸ்தோவைத் தாண்டிப் போயிருப்பான். ஹுஸ்தோ என் பக்கத்தில் பசியோடு உட்கார்ந்து அமெரிக்கன் வருகிறவரை அவனைத் திட்டிக்கொண்டிருந்திருப்பார். எங்கள்மேல் பாசம் வைத்தான், அதனால் போனார்.

விசாரணைக்குப் போகிறேன். ஊர் என்ன சொன்னாலும் சொல்லட்டும். சின்னம்மாவிடம் சொல்.

எமெத்தேரியா

*

இனராஹான்
9 அக்டோபர் 1945

ரொசா,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. சின்னம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்காதே.

விசாரணை முடிந்தது. அமெரிக்க அதிகாரிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், நம் பாஷைக்கு ஒருவர் இருந்தார். என் கறுப்பு உடையைத் துவைத்துக் கட்டிக்கொண்டு போனேன். எட்டுப் பேரையும் தெரிந்தே பொறுக்கினானா என்று கேட்டார்கள். தெரிந்துதான் என்றேன். தானாக வந்த இன்னொருவனைத் தள்ளிவிட்டானா என்றார்கள். ஆமாம், தள்ளிவிட்டான். எட்டும் ஒரே குடும்பமா? ஒரே குடும்பம், அவனுடைய குடும்பமும்தான். வேறு யாரையும் தொடவில்லையா? எங்கள் ஆட்களைத் தவிர ஒருவரையும் தொடவில்லை. ஒவ்வொரு பதிலையும் நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். ஒவ்வொன்றும் அவனை அந்த வேலிக்கு வெளியே ஓர் அடி இழுக்கிறது என்று நினைத்தேன்.

பெண் கேட்டு அவமானப்பட்டானா என்றார்கள். பட்டான் என்றேன், பொய் சொல்ல முடியாதே. அப்படியானால் ஏன் உங்கள் வீட்டை மட்டும் பொறுக்கினான் என்று நினைக்கிறாய் என்றார்கள். பாசத்தால் என்றேன். பாஷைக்காரர் அதை அப்படியே சொன்னார், அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. அதிகாரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் தாமே எழுந்துவந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தார், துக்கத்தில் புத்தி பேதலித்தவளுக்குக் கொடுப்பது போல.

வெளியே வந்த பிறகுதான் பாஷைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னார். "அவங்க ஊர்ல ஆள் எடுத்தா வரிசைல நின்னவனத்தாம்மா எடுப்பாங்க. வரிசைய வுட்டுட்டுச் சொந்தக்காரனத் தேடிப் போயிப் புடிச்சான்னா, அது பகைன்னுதான் அவங்களுக்குத் தோணும். நீ அத எட்டு தடவ சொல்லிட்ட."

தூக்கு என்று தீர்ப்பு. கோரோ என்னைத் திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை, நான் சொன்னது சரிதான் என்பது போல இருந்தான்.

இத்தனை நாள் முகம் கொடுக்காத அக்கம்பக்கத்தார் நேற்று ஈரப்பலாவும் கோழியும் கொண்டுவந்தார்கள். நல்லாப் பழி வாங்குன தேரியா, விடாமச் சொன்ன என்று கட்டிக்கொண்டார்கள். கோழியை வாங்கி வைத்தேன். சமைக்கவில்லை.

நீ என்ன நினைக்கப்போகிறாய் என்று எனக்குத் தெரியும். நினைத்துக்கொள்.

எமெத்தேரியா

*

சேசு மரி சூசை

சுசுபே முகாம், சைபான்
3 பிப்ரவரி 1946

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் பிள்ளைகளும் சுகம். நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்கவேண்டும்.

கிறிஸ்துமஸ் கழித்துத் தீர்ப்பை நிறைவேற்றிவிட்டார்கள் என்று பாதிரியார் வந்து சொன்னார். அம்மா ஜெபமாலையை எடுத்தாள். ஒன்பது நாளும் முடிந்தது. கோரோவோடு அத்தான் பெயரையும் பெனீத்தோ அண்ணன் பெயரையும் சேர்த்துத்தான் சொன்னோம். பெனீத்தோவைப் பற்றி அம்மாவிடம் அப்போதுதான் சொன்னேன்.

நாலு மாசமாக ஏன் எழுதவில்லை என்று உனக்குத் தெரியும். உன் அக்கா சாட்சி சொல்லப் போகவில்லை, பழிவாங்கப் போனாள், பாசம் என்று சொல்லியே கழுத்தில் கயிறு மாட்டிவிட்டாள், இனி அவள் கடிதத்தைத் தொடாதே என்று முகாம் முழுக்கச் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மறைக்கவில்லை. உன் கடைசிக் கடிதத்தை வரி வரியாகத் திருப்பி, எங்கே பொய் இருக்கிறது, எங்கே உள்ளுக்குள் சிரிக்கிறாய் என்று தேடினேன். ஹுஸ்தோ அத்தானைத் தொட்ட அவன் கையை நீ எப்படியெல்லாம் சந்தேகப்பட்டிருப்பாயோ, அப்படி.

பொய் அகப்படவில்லை, அக்கா. அவன் உன் வீட்டுக்கு என்ன செய்தானோ அதையேதான் நீ அவனுக்குச் செய்திருக்கிறாய். நம்மாள் என்று தேடிப் போய்த் தொட்டிருக்கிறாய்.

என்னிடம் மன்னிப்பு எதிர்பார்க்காதே, இன்னும் வரவில்லை. அத்தானை நினைத்தால் உனக்கும் வராது. ஆனால் ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன். அன்றைக்கு அந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டு அந்த ஆற்றோரத்தில் நான் நின்றிருந்தால், கூட்டத்தை விலக்கிக்கொண்டு உன் புருஷனிடம்தான் முதலில் வந்திருப்பேன்.

உன் தங்கை,
ரொசா